என் மகள் பெயரில் ஒரு சீட்டு

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் முப்பத்தொரு பேர் இருக்கிறோம். காலையில் சாமி படம், மத்தியானம் யார் வீட்டுக் குழந்தையாவது தவழ்கிற வீடியோ, சாயங்காலம் எழுமலைப் பக்கம் மழை பெய்ததா இல்லையா என்ற விசாரணை. இதற்கு நடுவில் மூன்று வருஷமாக ஒரு மருந்துச் சீட்டின் போட்டோ கிடந்தது. அதை அங்கே போட்ட புண்ணியவதி நான்தான். இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். வருத்தத்தில் இல்லை, கோபத்தில். யார் மேல் கோபம் என்று கேட்டால் வரிசையாக ஆள் சொல்வேன். வரிசையில் முதல் ஆளாக என்னையும் நிறுத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மகள் அப்போது பிளஸ் டூ. அவள் படித்த பள்ளிக்கூடத்தில் அத்தனை பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆறு கக்கூஸ். அதில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. காலை எட்டரைக்குப் போகிற பிள்ளை, சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் ஒன்றுக்குப் போகும். போக வேண்டிவருமே என்று தண்ணீரே குடிக்காது. நான் நிரப்பிக் கொடுத்த பாட்டில் அப்படியே திரும்பி வரும். அதைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேனே தவிர, ஏன் குடிக்கவில்லை என்று ஒரு நாளாவது கேட்டேனா? கேட்கவில்லை. நானும் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில்தான் கிளார்க்காக இருக்கிறேன். கக்கூஸ் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

நீர்க்கடுப்பு வந்தது. எங்கள் பக்கம் அதற்கு ஒரே பெயர்தான், சூடு. தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன், வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தேன், இளநீர் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் பிள்ளை பாத்ரூமுக்குள் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. அதற்குப் பிறகுதான் மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். பிரசவம் பார்க்கிறவர். எங்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த லேடி டாக்டர் அவர் ஒருவர்தான்.

அவர் மூத்திரம் எடுத்துப் பரிசோதித்தார். கிருமி இருக்கிறது என்றார். ஏதாவது மாத்திரை போட்டு அரிப்பு, தடிப்பு வந்ததுண்டா என்று கேட்டார். காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாளைக்கு எழுதினார். எழுதிவிட்டுச் சீட்டைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே சொன்னார்:

“வலி போயிருச்சுன்னு நடுவுல நிறுத்தாதீங்க. அஞ்சு நாளும் போடணும். மறுபடி வந்தா இதே மாத்திரைய நீங்களா வாங்காதீங்க. டெஸ்ட் பண்ணிட்டுத்தான் கொடுக்கணும். கூட்டிட்டு வாங்க.”

மண்டையை மண்டையை ஆட்டினேன். ஆனால் வெளியே காத்திருந்த நேரத்தில் நடந்த ஒன்று அவர் சொன்ன அத்தனையையும் என் காதிலிருந்து துடைத்துப் போட்டுவிட்டது. எங்கள் ஊர்க்காரி ஒருத்தி, தன் மருமகளைச் செக்கப்புக்குக் கூட்டிவந்தவள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “என்னத்தா, பாப்பாவ இங்க கூட்டியாந்திருக்க?” என்று கேட்டுவிட்டு என் மகளின் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. இனிமேல் இந்த வாசல்படி மிதிக்கக் கூடாது என்று அந்த நாற்காலியில் வைத்தே முடிவு செய்துவிட்டேன்.

மூன்றாம் நாளே மகளுக்கு எரிச்சல் விட்டது. பத்து மாத்திரையில் ஆறு போயிருந்தது. “போதும், சூடு. வாய்ப்புண் வந்துரும்” என்று சொல்லி மீதி நாலை எடுத்து பிரிட்ஜ் மேல் இருக்கிற பிஸ்கட் டப்பாவில் போட்டேன். அதில் ஏற்கெனவே காய்ச்சல் மாத்திரை, பல்வலி மாத்திரை, யாருக்கோ எப்போதோ வாங்கிப் பேர் அழிந்துபோன மாத்திரை எல்லாம் உண்டு. நல்ல சாமானை வீணாக்காத பொம்பளை என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு பெருமை வேறு. தூ!

அந்த வாரமே என் நாத்தனார் போன் போட்டாள். என் வீட்டுக்காரரின் தங்கை, எழுமலையில் வாழ்க்கைப்பட்டவள். விடியற்காலையில் மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போனால் வெயில் ஏறிய பிறகுதான் வீடு திரும்புவாள். தோட்டத்தில் பொம்பளைகளுக்கு ஒதுங்க ஒரு மறைவு கிடையாது.

“மதினி, எனக்கும் கடுகடுன்னு எரியுது. பாப்பாவுக்குக் கேட்ட மாத்திர பேரச் சொல்லுங்களேன்.”

சீட்டைப் போட்டோ எடுத்தேன். அவளுக்குத் தனியாக அனுப்பியிருக்கலாம். நமக்குத்தான் ஊருக்கு உபகாரம் பண்ணாவிட்டால் சோறு இறங்காதே! குரூப்பில் போட்டேன். ‘நீர்க்கடுப்புக்கு நல்லா கேக்குது’ என்று கீழே எழுதி, கைகூப்புகிற பொம்மை ஒன்றும் போட்டேன். பத்துப் பேர் நன்றி சொன்னார்கள். என் கொழுந்தனார் சளிக்கு அதை வாங்கிப் போட்டாராம். நாத்தனாரின் மாமியார் மூட்டுவலிக்குப் போட்டாராம். சளிக்கும் மூட்டுவலிக்கும் இந்த மாத்திரைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்கே ரொம்பப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நான்தான் குடும்பத்து டாக்டர்.

அதற்கப்புறம் மகளுக்கு வரும்போதெல்லாம் தெருமுனை மெடிக்கலுக்குப் போவேன். போனில் இருக்கிற போட்டோவைக் காட்டுவேன். சீட்டில் என்ன தேதி, எத்தனை நாள் என்று கடைக்காரன் பார்த்ததே இல்லை.

“எத்தன நாளைக்குக்கா?”

“ரெண்டு நாளைக்குக் குடுப்பா. அதுக்கே கேட்டுரும்.”

கத்தரியை எடுத்து அட்டையில் நாலு மாத்திரையை வெட்டிப் பழைய பேப்பரில் மடித்துக் கொடுப்பான். ஒரே ஒரு தடவை மட்டும், “டாக்டர்ட்ட ஒருக்கா காட்டிருங்கக்கா” என்றான். “ஒனக்கு யாவாரம் வேணுமா வேணாமா? இல்லேன்னா சொல்லு, அடுத்த கடை இல்லாமலா போச்சு?” என்று சிலுப்பினேன். அதோடு அவன் வாயை மூடிக்கொண்டான். மூன்று வருஷத்தில் ஐந்து தடவை. ஐந்து தடவையும் இரண்டு நாளில் எரிச்சல் விட்டது. கேட்டுருச்சு, கேட்டுருச்சு என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, “அடிக்கடி வருதே, அந்த டாக்டரம்மாட்டயே ஒருவாட்டி காட்டிருவமே” என்றார். அவரை நான் விட்டேனா! “கல்யாணம் ஆகாத பிள்ளைய எத்தன தடவ பிரசவ ஆஸ்பத்திரி வாசல்ல ஒக்கார வைக்கச் சொல்றீங்க? நாலு பேரு நாலு விதமாப் பேசுனா நீங்களா வந்து பதில் சொல்வீங்க?” என்று எகிறினேன். அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மனுஷன் அன்றைக்கு ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அதற்காகவும் அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு.

இந்த வருஷம், காலேஜில் கடைசிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது மறுபடி வந்தது. வழக்கம்போல நாலு மாத்திரை. கேட்கவில்லை. இன்னும் நாலு வாங்கி, ஒரு வேளைக்கு இரண்டாகக் கொடுத்தேன். யார் சொல்லி? யாரும் சொல்லவில்லை, நானேதான். கேட்கவில்லை. மெடிக்கல்காரன், “இதவிட ஹெவியா ஒண்ணு இருக்குக்கா” என்று வேறு கலரில் இரண்டு கொடுத்தான். அதைப் போட்ட கையோடு வாந்தி எடுத்தாள். அன்று மத்தியானம், மதுரை வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், பிள்ளை இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிக்க நடுங்கியது. முதுகில், விலாவுக்குக் கீழே வலது பக்கம் கையை வைக்கவிடவில்லை. அலறியது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். எந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றேனோ அதே வாசலுக்குத்தான் போனேன்.

டாக்டரம்மா முதுகைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. “எத்தன நாளா? என்ன மாத்திரை போட்டீங்க?” என்றார். நான் போனை எடுத்து நீட்டினேன். அவர் உற்றுப் பார்த்தார்.

“இது என் கையெழுத்து.”

“ஆமாம்மா.”

“மூணு வருசத்துக்கு முந்தி எழுதினது. இத வச்சு எத்தன தடவ வாங்குனீங்க?”

“ஒண்ணு ரெண்டு தடவதாம்மா” என்றேன். பிள்ளை சாகக் கிடக்கிற நேரத்திலும் என் வாய் பொய்தான் சொன்னது.

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த மகள், “அஞ்சு தடவ. இதோட ஆறு” என்றாள்.

கிருமி கிட்னி வரைக்கும் ஏறிவிட்டது என்றார் டாக்டரம்மா. ரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, கிட்னி எப்படி இருக்கிறது என்பதைக் காய்ச்சல் இறங்குவதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். மாடியில் படுக்க வைத்தார்கள். கிட்னி டாக்டர் ஒருவரை வரவழைத்துக் காட்டினார்கள். மூத்திரத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று அதை வளர்த்துப் பார்க்கிற பரிசோதனையாம். அது வருவதற்குள் கையில் ஊசி ஏற்றி ஒரு மருந்தை ஆரம்பித்தார்கள். இரண்டு நாள் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை. நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்து அந்தச் சொட்டு இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு எதுவும் வேண்டாம், இந்த மருந்தாவது கேட்டுவிடட்டும் என்று எல்லாச் சாமியையும் கெஞ்சினேன்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. நீளமாக மருந்துகளின் பெயர். ஒவ்வொன்றுக்கும் நேரே ஓர் எழுத்து. டாக்டரம்மா பேனாவை வைத்து ஒவ்வொன்றாக இறக்கினார். ஆர், ஆர், ஆர், ஆர். “ஆர்னு போட்டிருந்தா அந்த மருந்துக்கு இந்தக் கிருமி அசையாதுன்னு அர்த்தம்” என்றார். முதல் வரியிலேயே எங்கள் மாத்திரை. மெடிக்கல்காரன் கொடுத்த கலர் மாத்திரையும் அப்படித்தான். ஏறிக்கொண்டிருந்த ஊசியும் அப்படித்தான். வாயால் விழுங்குகிற மாத்திரையில் ஒன்றுகூடத் தேறவில்லை. கீழே ஊசி மருந்து இரண்டுதான் மிச்சம்.

“சில பேருக்கு இது தானாவும் அமையும்மா. நான் இல்லைங்கல. ஆனா நீங்க பண்ணுனது என்னன்னு தெரியுமா? அரைகுறையா மாத்திரை போட்டா நோஞ்சான் கிருமி சாகும். தாக்குப்பிடிக்கிறது தங்கிரும். அதுதான் பெருகி அடுத்த தடவ வரும். ஆறு தடவ சலிச்சுச் சலிச்சு வளத்து விட்டிருக்கீங்க.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு அந்த இடத்திலேயே அவர் மேல் கோபம் வந்தது. பிள்ளையைப் பெற்ற என்னிடம் பேசுகிற பேச்சா இது என்று. அப்புறம் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல், மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது நேரே மெடிக்கலில் போய் நின்றேன். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். சீட்டு இல்லாமல் ஏன்டா கொடுத்தாய், தேதியைப் பார்க்கத் தெரியாதா, நீயெல்லாம் நல்லாயிருப்பியா என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். அவன் கத்தரியைக் கீழே வைத்தான்.

“நான் சொன்னப்ப அடுத்த கடைக்குப் போறேன்னு சொன்னது யாருக்கா?”

அவன் செய்தது தப்பு. சீட்டில்லாமல் அந்த மாத்திரையை அவன் கையால் தொட்டிருக்கவே கூடாது. இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு நான் துணி எடுக்க வீட்டுக்கு நடையைக் கட்டினேன்.

ஊசியை மாற்றிய மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. கிட்னி தப்பிவிட்டது, ஆனால் பத்து நாள் ஊசியை ஒரு வேளைகூட விடக் கூடாது என்றார்கள். பிள்ளை எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டாள். பரீட்சையில் இரண்டு பேப்பர் போனது போனதுதான். சொந்தக்காரர்கள் விடாமல் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி மாளவில்லை. குரூப்பில் ஒரே வரியாகப் போட்டேன்: ‘பாப்பாவுக்கு டைபாய்டு. இப்ப பரவாயில்ல. யாரும் பயப்பட வேண்டாம்.’

போனைக் கட்டிலில் வைத்துவிட்டுக் குடிதண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மகள் கையில் போன் இருந்தது. அவளும் அந்தக் குரூப்பில் உண்டு, ஆனால் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள்.

“டைபாய்டா?”

“சும்மா இரு. எல்லாத்தையும் எல்லார்ட்டயும் சொல்லணும்னு இல்ல.”

அவள் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனாள். போன மாதம்தான் நாத்தனார், ‘மதினி, அந்தச் சீட்ட மறுபடி போடுங்க’ என்று கேட்டிருந்தாள். நானும் போட்டிருந்தேன். மகள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இதுல என் பேரு இருக்கும்மா.”

நான் தண்ணீர் பாட்டிலைக் கட்டிலடியில் வைத்தேன்.

“பேரு, வயசு பதினேழு, எடை நாப்பத்திரெண்டு. என்ன வியாதின்னும் எழுதியிருக்கு. யாரும் பாத்துரக் கூடாதுன்னு மூணு வருசமா என்னைய டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகல. இத இம்புட்டுப் பேருக்கு அனுப்பியிருக்க.”

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்தச் சீட்டை எத்தனை தடவை போனில் எடுத்துக் காட்டியிருக்கிறேன், அதன் தலையில் என் பிள்ளை பெயர் இருந்தது என் கண்ணில் பட்டதே இல்லை. மாத்திரை பெயர் மட்டும்தான் பட்டது.

“ஒன் நல்லதுக்குத்தான்டி...” என்று ஆரம்பித்தேன்.

“எதும்மா நல்லது?” என்று ஊசி குத்தி வீங்கியிருந்த கையைத் தூக்கிக் காட்டினாள். பிறகு மற்ற கையால் டைப் பண்ண ஆரம்பித்தாள். நான் எட்டிப் பார்த்தேன்.

‘எனக்கு டைபாய்டு இல்ல. மூத்திரத்துல வந்த கிருமி கிட்னி வரைக்கும் போயிருச்சு. மாத்திரைய அரைகுறையாப் போட்டுப் போட்டு இப்ப எந்த மாத்திரையும் கேக்கல. ஊசியிலதான் இருக்கேன். என் சீட்ட வச்சு யாரும் மாத்திரை வாங்காதீங்க. இப்ப போட்டுக்கிட்டு இருக்கவங்க டாக்டர்ட்ட போய்க் காட்டுங்க. அந்தப் போட்டோவ அழிச்சிருங்க.’

“அடியே, குடு இங்க! பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாம் இருக்காங்கடி அதுல!” என்று பிடுங்கப் போனேன்.

“அவங்களுக்கும் மூத்திரம் வரும்மா” என்று சொல்லிவிட்டு அனுப்பிவிட்டாள்.

மானம் போச்சு என்று தலையில் கையை வைத்து உட்கார்ந்தேன். எதற்கெடுத்தாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற குரூப், அன்றைக்குச் சத்தமே இல்லை. எல்லாரும் படித்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது. ஒரு மணி நேரம் கழித்து என் போன் அடித்தது. நாத்தனார்.

“மதினி, பாப்பா போட்டதப் படிச்சேன்.” மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. “எனக்கு மூணு மாசமா இந்த எரிச்சல் இருக்கு மதினி. பாப்பா சீட்டுலதான் வாங்கிப் போட்டுக்கிட்டு இருக்கேன். ரெண்டு நாளைக்குக் கேக்கும், திரும்பியும் வந்துரும். இப்ப பத்து நாளாக் குளிரும் காய்ச்சலுமா இருக்கு. முதுகெல்லாம் வலி. பூ எடுக்கக் குனிய முடியல.”

“மூணு மாசமா வாயில என்னடி வச்சிருந்த?” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “செத்துக் கித்துத் தொலைஞ்சா என்னடி பண்றது? ஒரு வார்த்த சொன்னா என்ன?”

“சொன்னேனே மதினி. சொன்னதுக்குச் சீட்டத்தான அனுப்பி விட்டீங்க.”

“கெளம்பு. இப்பவே பஸ் ஏறு. இங்க டாக்டரம்மாட்ட காட்டுவோம். இனிமே ஒரு மாத்திரைய நீயா வாயில போட்ட, கொன்னுருவேன்” என்றேன்.

“வாரேன் மதினி.” கொஞ்சம் தயங்கினாள். “பாப்பா சீட்டு போன்ல இருக்கு, அது போதும்ல? இல்ல, பிரிண்டு எடுத்துட்டு வரணுமா?”

“அது எதுக்குடி? ஒனக்குப் புதுசா எழுதுவாங்க.”

“எம் பேருலயா?” என்றாள். “சின்னவன் பொறந்தப்ப எழுதுனாங்க மதினி. அதுக்கப்புறம் எம் பேருல யாரும் சீட்டே எழுதுனதில்ல.”

சின்னவனுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. மகள் ஊசி குத்தாத கையை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கினாள்.

“ஆமா அத்தை, ஒங்க பேருலதான் எழுதுவாங்க” என்றாள். “ஒங்க வயசு என்ன அத்தை?”